பிந்தி வாறவருக்கு ஒரு தட்டு

"டீச்சர், என் சாமிக்கு ஆள் இல்லை" என்றார் தாணுலிங்கம்.

உமையம்மை டீச்சர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. ஒரு கொப்பை எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

"உக்காருங்க அண்ணாச்சி. உருவிக்கிட்டே சொல்லுங்க."

"நான் கீரை உருவ வரலை டீச்சர்."

"சாமிக்குத்தான் ஆள் இல்லை. கீரைக்காவது ஒரு ஆள் இருக்கட்டும்."

தாணுலிங்கம் கொப்பை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். வெடுக் வெடுக்கென்று உருவினார். இலையோடு ஈர்க்கும் சேர்ந்து வந்தது.

குருவே சீடனை அண்ணாச்சி என்று கூப்பிடுவதைப் பார்த்து யாரும் குழம்ப வேண்டாம். தாணுலிங்கம் கதை எழுதப் படிக்க வந்தபோதே காதோரம் நரை. டீச்சர் அவரைவிட இளையவர். மலையடிவாரத்தில், வாய்க்கால் ஓரத்தில், ஒரு காலத்தில் புளி மூட்டை அடுக்கிய கிட்டங்கி ஒன்று உண்டு. அதில்தான் டீச்சர் கதை எழுதச் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்தார் என்றால், பாதி நாள் வாயே திறக்க மாட்டார். அப்படியும் ஆட்கள் வந்தார்கள், தங்கினார்கள், எழுதினார்கள், போனார்கள்.

போனவர்களில் அதிகம் எழுதியவர் தாணுலிங்கம்.

நாலு பாகம் நாவல். பேர் 'எரிமுடி'. கவ்வை நாடு என்று இல்லாத ஒரு நாடு. அந்த நாட்டுக்கு எரிமுடியான் என்று இல்லாத ஒரு சாமி. சாமிக்குப் பதிகங்கள், விரதங்கள், பூசாரிகளுக்குள் படிநிலைகள், தனியாக ஒரு பஞ்சாங்கம். குளிக்கும்போது முதல் தண்ணீரை எந்தக் கையால் மொள்ள வேண்டும் என்பதற்குக்கூட விதி இருந்தது. அந்த விதியை ஒத்துக்கொள்ளாத ஒரு கட்சி இருந்தது. அந்தக் கட்சியை ஊரைவிட்டுத் தள்ளிவைத்த கதை மட்டுமே ஒரு அத்தியாயம்.

படித்தவர்கள், "அடேங்கப்பா, என்ன உழைப்பு!" என்றார்கள்.

உழைப்பு என்று பாராட்டினால் முழுசாகப் படிக்கவில்லை என்று பொருள். எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். தாணுலிங்கத்துக்கும் தெரியும். அதனால்தான் அந்த வார்த்தையைக் கேட்டாலே அவருக்குக் காந்தும்.

"ஆள் இல்லாட்டா என்ன?" என்றார் டீச்சர். "கதைச் சாமிதானே."

"அப்போ அவன் சாமிக்கு மட்டும் ஏன் இருக்கு?"

டீச்சர் கை நின்றது. "இதுதான் விஷயமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி உருவத் தொடங்கினார்.

அவன் என்றால் பால்வண்ணம்.

பால்வண்ணமும் இதே கிட்டங்கியில் படித்தவன்தான். தாணுலிங்கத்தோடு ஒரே சமயத்தில் வந்தவன். ஒல்லிப்பிச்சான். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. அவன் எழுதியது மொத்தமும் ஒரே ஒரு சின்னப் புத்தகம். 'உப்புத்தீவு' என்று பேர். தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து வலிக்காது, அவ்வளவு மெலிசு.

அந்தத் தீவுக்காரர்களுக்கு ஒரு சாமி. கோயில் கிடையாது, பாட்டு கிடையாது, பேர்கூடக் கிடையாது. பிந்தி வாறவர் என்பார்கள். அவர் எப்போதும் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வருவார். அதனால் வீட்டில் சோறு வடித்தால் ஒரு பங்கை எடுத்துத் தனியாக வைத்து, அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடிவிடுவார்கள். பக்கத்தில் ஒரு பூவரச இலையில் ஊறுகாய். பிந்தி யார் வந்தாலும் அது அவர்களுக்கு. பேர், ஊர், சாதி எதுவும் கேட்கக் கூடாது. அவ்வளவுதான் மதம்.

சும்மா மூன்று பக்கம்.

யார் முதலில் செய்தார்கள் என்று தெரியவில்லை. ஒரு கல்லூரி விடுதியில் பிள்ளைகள் விளையாட்டாக ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தார்களாம். அங்கிருந்து ஒரு மில் வாசலுக்குப் போனது. அப்புறம் பஸ் ஸ்டாண்டு ஓட்டல்கள், ஆஸ்பத்திரி கேண்டீன், கல்யாணப் பந்தி. எங்கே பார்த்தாலும் ஒரு மூலையில் ஒரு கவிழ்த்த தட்டு. பசித்தவன் வருகிறான், நிமிர்த்துகிறான், தின்கிறான், போகிறான்.

"பஸ் ஸ்டாண்டுல பாத்தேன், பல்லைக் கடிச்சுக்கிட்டேன்" என்றார் தாணுலிங்கம். "ஆஸ்பத்திரியில பாத்தேன், சரி தொலையட்டும்னு வந்துட்டேன். போன வாரம் எங்க பாத்தேன் தெரியுமா டீச்சர்?"

"எங்க?"

"என் வீட்டு அடுக்களையில!"

டீச்சர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"ஆவுடைகிட்டக் கேட்டேன், என்னட்டி இதுன்னு. 'பிந்தி வாறவருக்கு'ங்கா. என் பெண்டாட்டி டீச்சர்! எரிமுடியில முதல் பாகம் அம்பது பக்கம் தாண்டலை அவ. கேட்டா கண்ணு வலிக்குங்கா. அவன் புத்தகத்தை மட்டும் ராப்பகலா வாசிச்சிருக்கா. என் எரிமுடியானுக்கு என் வீட்டுல ஒரு விளக்கு இல்லை, அவன் சாமிக்கு என் அரிசியில சோறு!"

"அந்தச் சோத்தை யாரு சாப்பிட்டா?"

"யாரோ சிலிண்டர் கொண்டாந்த பையன்."

"வயிறு நெறஞ்சுதா அவனுக்கு?"

"அதுவா இப்பப் பேச்சு?"

"சும்மா கேட்டேன்."

தாணுலிங்கம் அடுத்த கொப்பை எடுத்தார். கையில் பச்சைச் சாறு வழிந்தது.

"பொய்ச்சாமி டீச்சர் அது."

"உங்க சாமி?"

"அதுவும் பொய்தான். ஆனா நல்லாக் கட்டுன பொய். ஒரு செங்கல் அசையாது. அவன் என்ன கட்டினான்? ஒரு தட்டைக் கவுத்து வெச்சான். ஊறுகாயை இலையில வெச்சான். அதுக்கு ஊர்ல சண்டை நடக்கு, தெரியுமா? இலையில தனியா ஏன் வைக்கணும்? வடக்க உள்ளவன், உப்புன்னா கண்ணீரு, அடுத்தவன் கண்ணீரு நம்ம சோத்துல விழக் கூடாதுங்கான். தெக்க உள்ளவன், சோறு தீவு, ஊறுகா கடலு, நடுவுல கரை வேணும்ங்கான். ரெண்டு கூட்டமும் பேச்சுவார்த்தை இல்லை. அதுக்குள்ள ரெண்டு கட்சி! என் சாமிக்கு நானே மெனக்கெட்டு ஏழு கட்சி உண்டாக்கி வெச்சேன். ஒரு கட்சிக்கு ஒரு ஆளாவது வரக் கூடாதா?"

பாவம், குரல் உடைந்துவிட்டது. சிரிக்கவும் முடியாது, சிரிக்காமல் இருக்கவும் முடியாது.

"அவன் புத்தகத்தைப் படிச்சியளா அண்ணாச்சி?"

"இல்லை."

"ஏன்?"

தாணுலிங்கம் கீரையைப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார்.

"படிச்சு, நல்லா இருந்துட்டா?"

டீச்சர் உருவிய இலைகளைச் சுளகில் கூட்டினார்.

"எனக்கு வயிறு எரியுது டீச்சர். மறைக்க என்ன இருக்கு. அந்தத் தட்டை முதமுதல்ல பாத்த நாள்ல இருந்து ஒரு வரி எழுதலை. அஞ்சாம் பாகம் அப்படியே கிடக்கு. பேனாவை எடுத்தா அவன் மூஞ்சி வருது."

"அதுக்கு என்ன செய்யப் போறிய?"

இதற்குத்தான் தாணுலிங்கம் வந்திருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு டவுன்ல மாநாடு. பிந்தி வாறவர் அன்பர்கள் மாநாடாம். பால்வண்ணத்துக்கு மேடைன்னா காய்ச்சல் வரும், அவன் வர மாட்டான். கூடப் படிச்சவன்னு என்னை வாழ்த்துரைக்குக் கூப்பிட்டிருக்காங்க. போவேன். வாழ்த்த மாட்டேன். அத்தனை பேருக்கும் முன்னால சொல்லப் போறேன், அவன் ஒரு திருடன்னு."

"என்னத்தைத் திருடினான்?"

"அந்தத் தட்டு என்னுது டீச்சர்!"

டீச்சர் முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஞாபகம் இருக்குல்லா உங்களுக்கு? நான் வாய்க்கால் ஓரம் பூவரச மரத்தடியில எழுதிக்கிட்டு இருப்பேன். மணி அடிக்கது காதுல விழாது. வந்து பாத்தா பானை கவுந்திருக்கும். கிட்டங்கிச் சட்டம் என்ன? மணி அடிச்சா சோறு, பிந்தினா பட்டினி. ஆளுக்கு ஒரு உழக்கு, அளந்து போடுத அரிசி. யாருக்காகவும் மாத்த மாட்டிய. ஆனா நான் வந்து பாத்தா, உரலுக்குப் பக்கத்துல ஒரு தட்டு கவுத்து இருக்கும். உள்ளே எனக்குச் சோறு. ஒருநாளும் தப்பினதில்லை."

டீச்சர் ஈர்க்குகளைத் தனியே ஒதுக்கினார்.

"நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. சொன்னா உங்களுக்குக் கெட்ட பேரு. மத்தவனுக்கெல்லாம் சட்டம், தாணுலிங்கத்துக்கு மட்டும் தட்டு. எம்மேல நீங்க வெச்ச பிரியம் அது. புத்தகம் விக்கலை, பரிசு வரலை, போகட்டும், எங்க டீச்சருக்கு நான்தான் ஒசத்தின்னு ஒரு எண்ணம் உள்ள கிடந்துச்சு. அது ஒண்ணுலதான் டீச்சர் நான் இத்தனை காலம் ஓட்டினேன். அதைப் பாத்துட்டு அந்தப் பய என்ன பண்ணினான்? ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையேன்னு எடுத்து ஊருக்கே பரிமாறிட்டான். உங்க பிரியத்தைத் திருடி ஒரு சாமி பண்ணிட்டான்!"

"பால்வண்ணமா?"

"பின்னே யாரு? அவன்தான் எப்பவும் சோத்துப் பக்கத்துலேயே நிப்பான். பெருந்தீனிக்காரன். எல்லார் கூடவும் உக்காந்து தின்னுட்டு எந்திரிப்பான், அப்புறமும் வாய்க்கால்ல இறங்கி ரெண்டு கையாலயும் தண்ணியை அள்ளி அள்ளிக் குடிப்பான். வயிறா, வண்ணான் தாழியா!"

டீச்சர் எழுந்தார். மணியை அடித்தார். இப்போது கிட்டங்கியில் படிக்க யாரும் தங்குவதில்லை. இருந்தாலும் மணி மட்டும் அடிப்பார்.

"சாப்பிடுவோம் அண்ணாச்சி."

"நாளைக்கு நீங்களும் வரணும் டீச்சர். மேடையில ஏறி ஒரே ஒரு வார்த்தை. 'அந்தத் தட்டு நான் தாணுலிங்கத்துக்கு வெச்சது.' போதும். அவன் சாமி அங்கேயே செத்துப் போகும்."

"செத்துப் போனா அந்தச் சிலிண்டர்ப் பையன்?"

"அவன் ஓட்டல்ல காசு கொடுத்துத் தின்னட்டும்."

டீச்சர் வாழை இலை போட்டார். தயிர்ச்சோற்றைப் பிசைந்து வைத்தார். ஜாடிக்குள் கரண்டியை விட்டு நாரத்தங்காய் ஊறுகாயை அள்ளி, சோற்றின் உச்சியிலேயே வைத்தார். சிவப்பு எண்ணெய் வெள்ளைச் சோற்றில் நாலு பக்கமும் இறங்கியது.

தாணுலிங்கத்துக்கு முகம் சுண்டிவிட்டது. விரலால் ஊறுகாயை ஓரம் தள்ளினார். எண்ணெய் இன்னும் பரவியது. ஒரு வாய் வைத்தார். இறங்கவில்லை. இலையை மூடிவிட்டார்.

"ஏன்?"

"பசி இல்லை. நீங்க வாறியளா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"நீங்க பேசத்தான் போறியளா? முடிவா?"

"முடிவா. எரிமுடியான் மேல ஆணை!"

வாயில் வந்துவிட்டது. எத்தனையோ வருடம் அந்தச் சாமியோடு குடித்தனம் நடத்தியவர். வேறு சாமி பேர் அந்த நேரத்தில் நாக்குக்கு வரவில்லை.

டீச்சர் கை கழுவிக்கொண்டு வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிச் சொன்னார்:

"பிறன் விளக்கைக் கண்டு வயிறு எரிந்தவன், உண்ணும் வேளை கடந்தபின் அவன் வாசலுக்குச் செல்க. பசிக்கிறது என்ற சொல்லன்றி வேறு சொல் சொல்லற்க. அவன் இட்டதை உண்க."

தாணுலிங்கத்துக்கு வாய் பிளந்துவிட்டது.

"விளக்குக்கு உரியவன், ஏன் வந்தாய் என்று கேளற்க. உண்டு முடிந்ததும் கை கழுவ அவன் நீர் வார்க்க. அதன்பின் வந்தவன் ஒரே ஒரு கேள்வி கேட்க. இக்கழுவாய் செய்யாதவன் எரிமுடியான் பெயரைச் சொல்லவும் தகாதவன்."

டீச்சர் கண்ணைத் திறந்தார். "ரெண்டாம் பாகம். கழுவாய்ப் படலம்."

"படிச்சியளா டீச்சர்?"

"நாலு பாகமும்."

தாணுலிங்கத்துக்குக் கண் கலங்கிப்போனது. உலகத்தில் ஒருத்தர் படித்திருக்கிறார்! அந்தச் சந்தோஷத்தில் தான் எந்தக் கண்ணியில் காலை வைத்திருக்கிறோம் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"டீச்சர்... அது நான் சும்மா பக்கம் நிரப்ப எழுதினது."

"சாமிக்கு அது தெரியுமா?"

"அவன் வாசல்ல போய் நான் பசிக்குதுன்னு நிக்கணுமா? செத்தாலும் நிக்க மாட்டேன்."

"வேண்டாம். ஆணையிட்டது நீங்க, சாமியும் உங்க சாமி. அந்தச் சாமிக்கு இந்த உலகத்துல ஒரே ஒரு அடியாரு. அது நீங்க. நீங்களும் கைவிட்டுட்டா, ஆள் இல்லை ஆள் இல்லைன்னு அப்புறம் யாருகிட்டப் போய் அழ?"

தாணுலிங்கம் துண்டை உதறினார். எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"போய்ட்டு வந்தா நாளைக்கு மேடைக்கு வருவியளா?"

"போய்ட்டு வந்து நீங்க கூப்பிட்டா வாறேன்."

நன்றாகக் கவனியுங்கள். 'கூப்பிட்டா' என்றார் டீச்சர். தாணுலிங்கத்தின் காதில் 'வாறேன்' மட்டும்தான் விழுந்தது.

பால்வண்ணத்தின் ஊருக்கு ஒரு பஸ். இறங்கி, நல்ல வெயிலில் நடை. நடக்க நடக்கத் தாணுலிங்கத்துக்கு உள்ளே கங்கு பூத்தது. வீடு எப்படி இருக்கும்? பெரிய கேட்டு இருக்கும். வாசலில் செருப்புகள் குவிந்திருக்கும். அன்பர்கள் கைகட்டி நிற்பார்கள். வெள்ளை வேட்டியில் அந்த ஒல்லிப்பிச்சான் நடுவில் உட்கார்ந்திருப்பான். தொந்திகூட விழுந்திருக்கும், சாமிக்கா பஞ்சம், சோற்றுக்கா பஞ்சம்! 'வாங்க அண்ணாச்சி' என்று இளிப்பான். இளிக்கட்டும். ஒரு கேள்வி இருக்கிறதே. 'ஏம்ல திருடினே?' அந்த ஒரு கேள்வியை அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

தன் சாமிக்கு இப்போதுதான் முதல் தடவையாக ஒரு உபயோகம் வந்தது என்று நினைத்துக்கொண்டார்.

மாட்டுத்தீவனக் கடைக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு. கேட்டு இல்லை. செருப்பு ஒரே ஒரு ஜோடி, அதுவும் வார் தைத்தது.

கதவைத் தட்டினார். பால்வண்ணம்தான் திறந்தான். மேலில் துண்டு. அதே ஒல்லி. மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூலால் கட்டியிருந்தது.

"அண்ணாச்சி!"

தாணுலிங்கத்துக்கு வாயில் நூறு வார்த்தை வந்து முட்டியது. விழுங்கினார். அவருடைய சாமியே அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பசிக்குது" என்றார்.

அதைச் சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவருக்குத் தெரிந்தது. காலையிலிருந்து ஒரு வாய்ச் சோறுதான் உள்ளே போயிருந்தது.

"ஐயோ, வாங்க வாங்க. எங்க இருந்து வாறிய? அக்கா நல்லா இருக்காளா? என்ன இப்படி வெயில்ல..."

தாணுலிங்கம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு அவனையே பார்த்தார்.

பால்வண்ணம் பேச்சை நிறுத்தினான். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டான். வெயில் சாய்ந்திருந்த வாசலைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

"கழுவாயா அண்ணாச்சி?" என்றான் மெதுவாக. "ரெண்டாம் பாகமா?"

தாணுலிங்கத்துக்குக் காது இரண்டும் சுட்டது. இந்தப் பயலும் படித்திருக்கிறான். தான் அவன் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பொறாமையில் இப்படி ஒரு வகை உண்டு என்று அவருக்கு அதுவரை தெரியாது. தன் மதத்தைத் தன்னைவிட ஒழுங்காகக் கைக்கொள்கிறவனைப் பார்த்தாலும் வயிறு எரியுமா? எரிந்தது.

பால்வண்ணம் அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. விளக்குக்கு உரியவன் கேட்கக் கூடாது. பாயை விரித்தான். உள்ளே போனான். மூடிய தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். இன்னொரு தடவை போய் ஒரு பூவரச இலையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். இலையில் ஊறுகாய்.

எதிரே, கொஞ்சம் தள்ளி, உட்கார்ந்துகொண்டான்.

தாணுலிங்கம் தட்டை நிமிர்த்தினார்.

தயிர்ச்சோறு. வெள்ளை வெளேரென்று. ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

அள்ளினார். தின்றார். சும்மா சொல்லக் கூடாது, பசித்த வாய்க்கு அமிர்தம். தின்னும்போதும் கண் சும்மா இருந்ததா? சுவரைத் துழாவியது. பரிசுக் கேடயம் ஏதாவது? மாலை போட்ட படம்? ஒன்றும் இல்லை. ஒரு காலண்டர், ஒரு சைக்கிள் பம்பு. இந்த வீட்டில் பொறாமைப்பட ஒரு சாமானும் கிடைக்காமல் அவர் கண் தட்டுக்கே திரும்பி வந்தது.

ஊறுகாயைத் தொட இலையின் பக்கம் கை போனது.

நின்றது.

மத்தியானம் டீச்சர் ஊறுகாயைச் சோற்றின் உச்சியிலேயே வைத்தாரே. யோசனையே இல்லாமல் வைத்தாரே. தயிர்ச்சோற்றில் ஊறுகாய் எண்ணெய் பட்டால் தாணுலிங்கத்துக்கு இறங்காது என்று ஆவுடைக்குத் தெரியும். அவளுக்கும் கல்யாணம் ஆகி ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. டீச்சருக்குத் தெரியவில்லை. ஏன் இலையை மூடினார் என்று அவர் கேட்கவே செய்தார்.

ஆனால் கிட்டங்கியில், உரலுக்குப் பக்கத்தில், அந்தக் கவிழ்த்த தட்டுக்கு அருகே?

இலை இருந்தது. ஒருநாள்கூட எண்ணெய் பட்டதில்லை. வாய்க்கால் ஓரத்துப் பூவரச இலை.

ஆளுக்கு ஒரு உழக்கு, அளந்து போட்ட அரிசி. அப்புறம், ரெண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்த வாய்க்கால் தண்ணீர்.

தாணுலிங்கம் குனிந்து மிச்சத்தையும் தின்றார். ஒரு பருக்கை விடாமல் வழித்தார். நிமிர்ந்து பார்க்கத் தெம்பு இல்லை. பார்த்தால் எதிரே அந்த விலா எலும்புகள் தெரியும்.

பால்வண்ணம் எழுந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். தாணுலிங்கம் முற்றத்துக்குப் போய்க் கையை நீட்டினார். அவன் வார்த்தான். தண்ணீர் தீர்ந்த பிறகும் அவர் கையை நீட்டியபடியே நின்றார்.

"ஒரு கேள்வி கேக்கலாம் அண்ணாச்சி" என்றான் பால்வண்ணம். "விதி இருக்குல்லா."

பஸ்ஸில் வரும்போது கூர் தீட்டிக்கொண்டு வந்த கேள்வியைத் தாணுலிங்கம் தேடினார். அது எங்கோ விழுந்துவிட்டிருந்தது.

"அந்த ஊறுகா..." என்றார். கனைத்துக்கொண்டு மறுபடி கேட்டார். "அந்த ஊறுகாயை ஏன்ல இலையில தனியா வைக்கணும்?"

பால்வண்ணம் வெட்கப்பட்டான். காலிச் செம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

"அண்ணாச்சிக்குத் தயிர்ச்சோத்துல எண்ணெ பட்டா ஆகாதுல்லா."